பெண்டிகோ சுரங்கத்துக்குள் இறங்காமலே திரும்பிய பயணம்: 980,000 ரூபாவைத் திருப்பித் தரக் கோரல்

யாழ்ப்பாணம்,
பெப்ரவரி 18.

முகாமையாளர், பயண முகவர் நிறுவனம், கொழும்புத் தலைமை அலுவலகம்.
பிரதி: யாழ்ப்பாணக் கிளை.

ஐயா / அம்மணி,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. நான் எழுதியது கருத்து அல்ல. காசு கட்டிய பயணம் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு. அதனால் இந்த முறை தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எந்தப் பயணம் என்று உங்களுக்குத் தெரியும். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் ஏறி பல்லரட், பெண்டிகோ, எச்சூகா என்ற ஊர்களைப் பார்த்துத் திரும்பும் அந்த நான்கு நாள். சென்ற டிசம்பர் 24 முதல் 27 வரை, நான், கணவர், பிள்ளைகள் இருவர், கணவரின் பெற்றோரான மாமா, மாமி என்று ஆறு பேர். கணவரின் தம்பி மெல்பேர்னில்தான் இருக்கிறார். ஆனால் வைத்தியசாலை வேலை என்பதால் நத்தார் நேரம் அவருக்கு லீவு கிடையாது. அதனால்தான் உங்களிடம் வந்தோம்.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பயணமே அவருக்காகத்தான் போட்டது. யாழ்ப்பாணத்தின் நகைத் தெருவான கன்னாதிட்டியில் 52 வருடம் பட்டறை வைத்திருந்த பத்தர், தங்க நகை செய்பவர் அவர். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட எறியாமல் சேர்த்து வைத்து, அதை அரித்துத் தங்கப்பொடி எடுத்த மனிதர். அந்தத் தங்கம் பூமிக்குள் எப்படிக் கிடக்கும் என்று ஒரு நாளும் கண்டதில்லை. உங்கள் கிளையில்தான் பெண்டிகோ சென்ரல் டெபோரா சுரங்கத்தின் படத்தைக் காட்டினார்கள். 1939 முதல் 1954 வரை தங்கம் எடுத்த சுரங்கம் அது. இப்போது தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து 61 மீற்றர் ஆழத்துக்கு இறக்கிக் காட்டுகிறார்கள். மாமா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்து அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

அந்தச் சுரங்கத்துக்கு நீங்கள் ரிக்கெற் எடுக்கவே இல்லை.

டிசம்பர் 26, உங்கள் நிகழ்ச்சிநிரலில் மூன்றாம் நாள். வாசலில் இருந்த பெண் எங்கள் பெயரையும் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் கணினியில் மூன்று தரம் தேடினார். ஒன்றுமில்லை. அன்றைய சுற்று எல்லாம் நிரம்பிவிட்டது. அவர்களில் குற்றம் சொல்ல மாட்டேன், முன்கூட்டியே பதிவு செய்தவர்களைத்தானே அவர்கள் இறக்கமுடியும். மாமா சுரங்கத்துக்கு மேலே நிற்கும் அந்த உயரமான கோபுரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "சரி பிள்ளை, போவம்" என்றார்.

நான் போகவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்று உங்கள் 24 மணிநேர உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். 40 நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு தம்பி எடுத்தார். நான் முழுக்கச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது இதுதான்: "தங்கம் பார்க்கத்தானே அம்மா? அதுக்கு யாழ்ப்பாணத்திலேயே கன்னாதிட்டி இருக்குத்தானே?" கேட்டுவிட்டுச் சிரித்தார். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. பக்கத்தில் நின்ற மாமாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கன்னாதிட்டியில் தங்கம் உருக்கும் உமியோட்டு நெருப்புக்கு முன்னால் இருந்து ஊதி ஊதிக் கண் மங்கிய ஒருவரின் முகத்துக்கு நேரே உங்கள் ஊழியர் சொன்ன பதில் அது. அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே தொடக்கத்தில் சொல்கிறீர்கள். அன்று இலங்கை நேரம் காலை 9 மணிக்குப் பிந்திய பதிவை எடுத்துக் கேளுங்கள். நீங்களும் ஒரு வீட்டின் பிள்ளைதானே.

முதல் நாளே எல்லாம் பிழைத்துவிட்டது. காலை 9 மணிக்கு வரவேண்டிய வாகனம் பிற்பகல் 1.10க்கு வந்தது. எட்டு இருக்கை வான் என்றீர்கள், வந்தது ஐந்து இருக்கைக் கார். அதிலும் குழந்தை இருக்கை இல்லை. என் சின்ன மகளுக்கு 5 வயது. விக்டோரியா மாநிலத்தில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த இருக்கை கட்டாயம் என்பது அங்கே பயணம் விற்கும் உங்களுக்குத் தெரியாததா? மகளின் பிறந்த திகதியை உங்கள் படிவத்திலேயே எழுதியிருந்தேன். சாரதி ஏற்ற மறுத்தார். அவர் செய்தது சரி, அவரைத் தண்டிக்கவேண்டாம். கடைசியில் கணவரின் தம்பி சம்பளமில்லாத லீவு எடுத்துத் தன் காரில் நான்கு நாளும் எங்களோடு அலைந்தார்.

டிசம்பர் 25ஐ நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. பல்லரட்டின் சொவரின் ஹில், 1850களின் தங்க வேட்டைக் காலத்து ஊரை அப்படியே கட்டிவைத்திருக்கும் இடம். ஓடையில் தட்டு வைத்து மண் அரித்துத் தங்கம் தேடலாம். பட்டறை மண்ணை அரித்த மாமாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த இடத்துக்கு நீங்கள் போட்ட திகதி டிசம்பர் 25. நத்தாரன்று அது பூட்டு! வருடாவருடம் பூட்டு. நாங்கள் வெளியூரார், உங்களை நம்பி வந்தவர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட அந்தத் திகதியை ஒரு தரம் பார்க்கவில்லையா? நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை. 1854 டிசம்பர் 3இல் உரிமக் கட்டணத்தை எதிர்த்த சுரங்கத் தொழிலாளர்கள் படையோடு மோதிய யுரேகா அதே ஊர்தான். அதைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட நினைத்திருந்தேன். பூட்டிய கதவின் முன் நின்றவர்களுக்கு எதைச் சொல்வது? மாமாதான் அவர்களைச் சமாளித்தார். 1869இல் அதே மாநிலத்து மொலியாகுலில் ஒரு மரத்தடியில் கிடைத்த 'வெல்கம் ஸ்ரேஞ்சர்' தங்கக்கட்டி 70 கிலோவுக்கும் மேல் என்றும், அதை நிறுக்கத் தராசு போதாமல் பட்டறைக்கல்லில் வைத்து உடைத்தார்கள் என்றும் கதை சொன்னார். "அப்பப்பா, அதைப் பார்க்கலாமா?" என்று மகன் கேட்டான். பாவம்.

எச்சூகா மட்டும் தப்பியது, அதுவும் உங்களால் அல்ல. அங்கே ஆற்றில் போகும் கப்பலுக்கு நீங்கள் தந்த சீட்டில் 27க்குப் பதிலாக 17 என்று திகதி. 38,400 ரூபாவுக்குப் புதிதாக ரிக்கெற் வாங்கி ஏறினோம். குடாநாட்டில் ஆறென்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். 2,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் மரி ஆற்றைக் கண்டு பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஆறு ஏறி இறங்குவதற்கு ஏற்ப 1865இல் 'ரெட் கம்' என்ற யூக்கலிப்டஸ் மரத்தால் அடுக்கடுக்காகக் கட்டத் தொடங்கிய துறை, அதில் கட்டி நிற்கும் 1866ஆம் ஆண்டின் அடிலெயிட் நீராவிக் கப்பல் எல்லாம் பார்த்தோம். மாமி நெருப்பறைப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நல்லது கிடைத்த இடத்தை மறைக்க மாட்டேன்.

அப்புறம் ஊருக்கு வந்து உங்கள் கிளைக்கு ஆறு தரம் நடந்தேன். அங்கே இருக்கும் பிள்ளை மரியாதையானவ, அதிகாரம்தான் ஒன்றும் இல்லை. கொழும்பைக் கேளுங்கள் என்றா. கொழும்பு, மெல்பேர்ன் முகவரைக் கேட்கச் சொன்னது. முகவர், பதிவே தன்னிடம் வரவில்லை என்று எழுதினார். அந்த மின்னஞ்சலையும் இணைத்திருக்கிறேன். ஜனவரி 21 காலை 10 மணிக்கு முகாமையாளர் சந்திப்பார் என்று நீங்களே வட்ஸ்அப்பில் நேரம் தந்தீர்கள். நானும் கணவரும் இரவு பஸ் ஏறி 400 கிலோமீற்றர் வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு 9.30க்கே வந்து இருந்தோம். முகாமையாளர் கண்டிக்குப் போய்விட்டார் என்று பிற்பகல் 3.30க்குச் சொல்கிறார்கள்! காலையில் சொல்லியிருக்கலாமே? ஆறு மணிநேரத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர் காவலாளி ஒருவர்தான்.

தயவுசெய்து இதை இணக்கமாக முடியுங்கள். கட்டிய 980,000 ரூபாவும், கப்பலுக்கு மறுபடி கட்டிய 38,400 ரூபாவும், மன உளைச்சலுக்கு 500,000 ரூபாவும் தரவேண்டும். விடுதிகள் நன்றாக இருந்தனவே என்று கழிக்கப் பார்க்கவேண்டாம். படுத்துத் தூங்க யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. எங்கள் 12 வருடச் சேமிப்பையும் 74 வயது மனிதரின் ஆயுட்கால ஆசையையும் நான்கு நாளில் நாசமாக்கிவிட்டீர்கள். இனி ஒரு தரம் அவரை அங்கே கூட்டிப்போக எங்களிடம் காசும் இல்லை, அவருக்கு உடம்பும் இல்லை.

தொலைபேசியில் பேசிய அந்தத் தம்பி மாமாவின் பெயருக்குத் தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டும். காசைவிட இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.

மார்ச் 5க்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். மார்ச் 27 வரை இழுத்தடிக்கலாம் என்று எண்ணவேண்டாம். சட்டத்தரணியிடமும் கதைத்துவிட்டேன்.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் வாடிக்கையாளர்.

பி.கு.: சென்ற கிழமை மாமாவின் தொலைபேசிக்கு, பயணத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டு உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அவருடைய இலக்கத்தை உடனே எடுத்துவிடுங்கள். எதுவானாலும் என்னோடு கதையுங்கள்.