கமலாவுக்கு, காடி விஷயமாக

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள கமலா,

நலம், நலமறிய ஆவல். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. சாவித்திரி டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை அந்தப் பல்லுக்காரி இன்னும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நீயே சமாளித்துக்கொள். இந்த விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

என் பெண் இந்து கார் வாங்கியது உனக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் வேலைக்கு இனி பஸ்ஸில் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது 2005-ஆம் வருஷத்துச் சின்னக் காடி, செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, உனக்கே தெரியும். விற்றவன் “ஆக்சிடென்ட் இல்லை, வெள்ளம் இல்லை, லேடி ஓனர்” என்று மந்திரம் மாதிரி ஓதினான். புது சீட் கவர், மூக்கைத் துளைக்கும் வாசனை, பளபளவென்று பாலிஷ். இவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டயரை உதைத்து என்ன கண்டுபிடிப்பார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வந்த நாள் முதல் இந்துவுக்குக் குறைதான். ஏர்கோன் குளிரவில்லை, டேஷ்போர்டுக்குள் ஏதோ கடகட, பின் கண்ணாடி பாதியில் நிற்கிறது. ஏர்கோனுக்காகக் கீழே ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அங்கிருந்த போர்மேன் தம்பி ஏர்கோனைப் பார்க்கவே இல்லை. ஸ்டீயரிங்கைத் தட்டிக்காட்டி, “அக்கா, இதன் ஏர்பேக்கை மாற்றியாச்சா? ரீகால் செக் பண்ணினீங்களா?” என்று கேட்டான். ரீகால் என்றால், பழுதான சாமானை மாற்றக் கம்பெனியே காடியைத் திரும்பக் கூப்பிடுவது. அன்றைக்கு எனக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

தகாத்தா என்று ஒரு ஜப்பான் கம்பெனி, பாதி உலகத்துக்கு ஏர்பேக் செய்துகொடுத்தது. காடி மோதியதும் பை ஊதவேண்டும் இல்லையா, அதற்கு உள்ளே ஒரு உலோக டப்பாவில் வெடிமருந்தை வில்லை வில்லையாக அழுத்தி வைத்திருப்பார்கள். இவர்கள் போட்டது அம்மோனியம் நைட்ரேட். வருஷக்கணக்காகச் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அந்த வில்லைகள் உள்ளுக்குள் சிதைந்துபோகும். தீபாவளிப் பட்டாசு நமத்துப்போனால் புஸ்ஸென்று அடங்கிவிடும், இது அதற்கு நேர் எதிர். சிதைந்த மருந்து அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது, டப்பாவே வெடிக்கிறது, இரும்புத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் பாய்கின்றன. காப்பாற்ற வைத்த சாமான்டி கமலா! சூடும் ஈரமும் என்றால் அது நம் ஊர்தானே? வருஷம் முழுக்க நமக்கு வேறு என்ன பருவம் இருக்கிறது?

2014 ஜூலையில் சரவாக், சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் 2003-ஆம் வருஷத்து ஹோண்டா சிட்டி ஓட்டிப்போய் மோதியதில் இப்படித்தான் இறந்துபோனாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஏர்பேக்கால் போன முதல் உயிர் நம் நாட்டில்தான். அதற்குப் பிறகும் இங்கே சாவுகள் நடந்திருக்கின்றன. நாம் அந்த வருஷமெல்லாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகமில்லை.

ஹோண்டா மட்டும் என்று நினைக்காதே. டொயோட்டா, நிசான், மஸ்டா, பிஎம்டபிள்யூ என்று வரிசையே இருக்கிறது. 2008-லேயே முதல் ரீகால் வந்தாகிவிட்டது. தகாத்தா சோதனை முடிவுகளையே திரித்துக் கொடுத்ததாக 2017-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நூறு கோடி டாலர் கட்டச் சம்மதித்து, அதே வருஷம் திவாலும் ஆனது. நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல இவர் தே குடித்துக்கொண்டே, “நீ பேசாமல் சாலைப் போக்குவரத்து இலாகாவில் சேர்ந்துவிடேன்” என்கிறார்.

எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்றில். டப்பாவை மாற்றுவது இலவசம், ஒரு வெள்ளிகூடக் கிடையாது. ஆனால் அந்தச் செய்தி யாருக்குப் போகிறது? காடியை முதலில் வாங்கியவருக்கு, அவர் அப்போது கொடுத்த முகவரிக்கு. இந்துவின் காடிக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், ஈப்போவில் ஏதோ ஒரு குடியிருப்புத் தாமானுக்கு. அந்த அம்மாள் காடியை விற்று, வாங்கியவர் இன்னொருவருக்குத் தள்ளி, கடைசியில் நம் மந்திரக்காரன் கைக்கு வந்திருக்கிறது. பெயர் மாற்றும்போது காடியின் அடிச்சட்டத்தில் பொறித்த செசி நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அதே நம்பரைக் கம்பெனியிடம் கேட்டால் ரீகால் பாக்கி இருப்பது அப்போதே தெரிந்திருக்குமே! நம் ஆட்கள் ஏர்கோனுக்கும் கடகடவுக்கும் ஊரைக் கூட்டுவார்கள். இதுவோ சத்தம் போடாது, மீட்டரில் விளக்கும் எரியாது.

சர்வீஸ் சென்டர்க்காரர்கள் “சாமான் வரவேண்டும், கூப்பிடுகிறோம்” என்றே இழுத்தார்கள். இந்துவை மறுபடி பஸ்ஸில் ஏற்றினேன், வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதப்போகிறேன் என்றதும் மறுவாரமே சாமான் வந்துவிட்டது. அது எதேச்சையா இல்லையா என்று தெரியாது, ஆனால் செத்தும் காரியம் சாதித்துக் கொடுக்கிறார் என்று அந்தச் சங்கத்தின் பழைய தலைவர் இட்ரீஸ் ஐயாவை நினைத்துக்கொண்டேன்.

மாற்றும்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்த்தேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான் பையன். பிறகு ஸ்டீயரிங் நடுவை நெம்பி எடுத்து, முகத்தை ஒதுக்கிவைத்துக்கொண்டே தூக்கினான். பின்னால் வட்டமாக ஒரு உலோக டப்பா, உள்ளங்கை அகலம் இருக்கும், ஓரத்தில் லேசாகத் துரு. அதைத் தனிப் பெட்டியில் வைத்துச் சீட்டு ஒட்டி எடுத்துப்போனான். அதன் எதிரில் உட்கார்ந்துதான் என் பிள்ளை தினமும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

சரி, இப்போது உன் விஷயம். உன் மகன் சேகர் பூச்சோங்கில் ஓட்டுகிறானே அந்தச் சாம்பல் காடி, அது உங்கள் மச்சான் கிள்ளானில் யாரிடமோ வாங்கிக் கொடுத்தது. வருஷமும் ஏறக்குறைய இதேதான். “எனக்கு ஒன்றும் ஆகாது” என்று அவன் சொல்வான். பத்தாவது வயசில் ரம்புத்தான் மரத்தில் ஏறும்போதும் அதைத்தான் சொன்னான். அவனிடம் கேட்காதே, நீயே போய்ப் பார். முன் கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநர் பக்கம் ஒரு தகடு இருக்கும், இல்லையென்றால் கிரானில், அதாவது காடியின் பதிவுச் சீட்டில், செசி நம்பர் இருக்கும், பதினேழு எழுத்து. அதைப் படம் பிடித்துக் கம்பெனியின் வெப்சைட்டில் போட்டுப் பார், தெரியாவிட்டால் எனக்கு அனுப்பு. பாக்கி என்று வந்தால் மாற்றும்வரை அவன் ரயிலில் போகட்டும். உன் மருமகள் அதில் குழந்தையையும் உட்காரவைத்து நர்சரிக்குப் போகிறாள் என்று போன மாதம் நீதான் சொன்னாய்.

தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் எடு, கடைசி நேரத்தில் ரயிலில் இடம் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இந்துவே ஓட்டிப்போகிறாள். ஏர்கோன் இன்னும் குளிரவில்லை, விசிறி கொண்டு வா.

அன்புடன்,
சரோஜா