ஃபெர்குசனுக்குப் பின் வந்தவர்

அன்புள்ள மகனுக்கு,

நலம். உன் நலமும் அறிய ஆவல். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் சரிவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டேவிட் மொய்ஸ்தான், அவருக்குத் திறமையே கிடையாது என்று சென்ற வாரம் அடித்துச் சொன்னாய். அந்த ஊரிலேயே இருந்து ஆட்டம் பார்க்கிறவன் நீ. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை அந்த அணியின் மேலாளராக இருந்து 38 கோப்பைகளை வென்று கொடுத்தவர்; அவற்றில் 13 இங்கிலாந்து லீக் பட்டங்கள். அவர் இடத்துக்கு வந்த மொய்ஸ், எவர்டன் கிளப்பில் 11 ஆண்டுகள் சிக்கனமாக அணியை நடத்தி நல்ல பெயர் எடுத்திருந்தாலும், அங்கே கோப்பை எதையும் வெல்லாதவர். ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டவரை, அதே எவர்டனிடம் 2-0 என்று தோற்ற கையோடு, 2014 ஏப்ரல் 22 அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முன்னவரின் புகழே அவரை நசுக்கிவிட்டது என்று பலரும் சொல்வதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. 2013 கோடையில் போனவர் ஃபெர்குசன் மட்டுமல்ல. தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அப்போதே விலகினார்; அவர் இடத்துக்கு வந்த எட் வுட்வர்டுக்கு வீரர்களை வாங்கும் பேரம் புதிது. பெரிய பெயர்களையெல்லாம் துரத்திவிட்டு, வீரர்களை வாங்கும் கெடு முடியும் நாளில் ஃபெல்லைனி என்ற வீரரை 2 கோடியே 75 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். நடுக்கள வீரர் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றிருந்தார். தடுப்பு வீரர்கள் ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூவரும் முப்பதைக் கடந்தவர்கள். பட்டம் வென்ற அணிதான், ஆனால் வயதான அணி.

மொய்ஸின் பிழை என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றுதான். மைக் ஃபீலன், ரெனே மேலென்ஸ்டீன், எரிக் ஸ்டீல் ஆகிய பழைய பயிற்சியாளர்கள் வெளியேற, எவர்டனில் தம்முடன் இருந்தவர்களை அவர் அழைத்து வந்தார். அந்த வீரர்களின் பலமும் பலவீனமும் தெரிந்த கடைசி ஆட்களும் அதோடு போய்விட்டார்கள். 2014 பிப்ரவரியில் ஃபுல்ஹாம் அணியுடன் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் உனக்கு நினைவிருக்கும்: பக்கவாட்டிலிருந்து 80 முறைக்கு மேல் பந்தைத் தூக்கியடித்தும் 2-2 என்றுதான் முடிந்தது. எதிரணியின் மேலாளர் யார் தெரியுமா? அதே மேலென்ஸ்டீன்!

லிவர்பூலைப் பார். 1974-இல் அதன் மேலாளர் பில் ஷாங்க்லி யாரும் எதிர்பாராமல் விலகியபோது, 1939-இலிருந்தே அந்தக் கிளப்பில் இருந்த பாப் பெய்ஸ்லியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஜோ ஃபேகன், ரானி மோரன் போன்ற உதவியாளர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முதல் ஆண்டில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வந்தன.

உள்ளிருந்தவரை உயர்த்தினாலே போதும் என்று நான் சொல்லவரவில்லை. யுனைடெட்டே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1969-இல் மேலாளர் மேட் பஸ்பிக்குப் பின், அங்கேயே வளர்ந்த 31 வயது வில்ஃப் மெகின்னஸை அமர்த்தினார்கள். ஆனால் பஸ்பி பொது மேலாளராக அதே கிளப்பில் தொடர்ந்தார். அப்படியிருக்க, வீரர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? 1970 டிசம்பரில் மெகின்னஸை நீக்கிவிட்டு, மறுபடி பஸ்பியையே அணியைக் கவனிக்கச் சொன்னார்கள்.

ஃபெர்குசன் விடைபெற்ற நாளில், புதிய மேலாளருக்குத் துணை நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்று ரசிகர்களிடம் மைதானத்திலேயே சொன்னார். மறு ஆண்டு மார்ச்சில், மொய்ஸே வெளியேறு என்ற பதாகையைக் கட்டிய விமானத்தை அதே ரசிகர்களில் சிலர் மைதானத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். (அன்றைக்கு அணி 4-1 என்று வென்றது என்பது வேறு கதை.) அதே மொய்ஸ் 2023-இல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்கை வென்று கொடுத்திருக்கிறார். திறமையே இல்லாதவர் என்ற உன் வாதத்தில் இதை எங்கே வைப்பாய்?

பதில் எழுதும்போது, ஃபீலனையும் மேலென்ஸ்டீனையும் வைத்துக்கொண்டிருந்தால் அந்த அணி லீக்கில் ஏழாம் இடத்துக்கு இறங்கியிருக்குமா என்பதைப் பற்றி மட்டும் எழுது. மொய்ஸின் முகபாவத்தைப் பற்றி வேண்டாம்.

அன்புடன்,
அப்பா