விசிறி இல்லாத பெண் ஓணானையும் படம் எடுங்கள்

அன்புள்ள காட்டுயிர்ப் புகைப்பட நண்பர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்துவிட்டால் நீங்கள் போடும் விசிறித்தொண்டை ஓணான் படங்களுக்காகவே காத்திருப்பவன் நான். கல்மேல் ஏறி நின்று கழுத்து விசிறியை விரிக்கும் அழகு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் அத்தனையும் ஆண்கள். பெண் எங்கே?

போன கோடையில் ஒரு கடற்கரை மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த சாணத்தின்மேல் ஆண் ஒன்று விசிறியை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தது. நாலடி தள்ளி, ராவணன் மீசைப் புல்லின் தூரில் பெண். மண் நிறம், முதுகில் வரிசையாகச் சாய்சதுரக் கட்டங்கள், முட்டையால் புடைத்த வயிறு. முன்னங்காலால் மணலைப் பறிக்கும், நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்க்கும், மறுபடி பறிக்கும். உடன் வந்தவரின் கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இந்த ஓணானுக்குப் புதுச்சேரியின் பெயரைச் சேர்த்து 'சிடானா பாண்டிசெரியானா' என்று பெயர் வைத்தார். வெகுகாலம் எங்கெங்கோ கிடைத்தவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். 2016-இல்தான் வண்ண விசிறிக்காரர்கள் 'சாரதா' என்ற தனிப் பேரினமானார்கள். அதே ஆண்டு நம் பனையோலை விசிறியின் பெயராலேயே 'சிடானா விசிறி' என்ற புது இனமும் வந்தது. பிரித்தறியப் பெரிதும் உதவுவது ஆணின் விசிறி. பெண்ணிடம் அது இல்லை. அதனால் ஊர் குறிக்காத பெண்ணின் படத்தை வைத்து இனம் சொல்வது பெரும்பாடு.

உடல் அளவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள அளவு வித்தியாசமும் எங்கும் ஒன்றுபோல இல்லை. சண்டையில் ஜெயிக்க ஆணுக்குப் பெரிய உடல் உதவும். பெண்ணின் உடலோ முட்டைகளுக்கு இடம் தர வேண்டும். இந்த இரண்டு இழுவிசையும் எந்த ஊரில் எப்படி இருக்கிறது என்று பார்க்க இருவரும் வேண்டும். நம் கையில் இருப்பது பாதிக் கணக்கு.

பெண்ணையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பிடிக்க வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அது தானாகப் போன அப்புறம், இருந்த இடத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நின்ற இடத்திலிருந்தே இன்னொரு படம் எடுத்தால் போதும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உடல் நீளத்தை ஓரளவு கணிக்கலாம். வால் ஒடிந்திருக்கக்கூடும், அதைச் சேர்க்க முடியாது. தேதியும் ஊர்ப் பெயரும் கட்டாயம். 'தமிழ்நாடு' என்று மட்டும் போடாதீர்கள்.

பழைய படங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். மங்கலாக இருக்கிறதென்று ஒதுக்கிய பெண் ஒன்றாவது இருக்கும். அதையும் போடுங்கள்.

அன்புடன்,
ஓர் ஓணான் பித்தன்