நிலவுக்குப் போகும் குழுவில் பாறை படித்தவரும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2040-க்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்க அரசு இலக்கு வைத்திருக்கிறது. ராக்கெட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். யாரை அனுப்புவது என்றும் இப்போதே பேச வேண்டும்.

அமெரிக்காவின் அப்போலோ பயணங்களில் நிலவில் நடந்த 12 பேரில் முறையாகப் புவியமைப்பியல் படித்தவர் ஹாரிசன் ஷ்மிட் மட்டுமே. அவரும் கடைசிப் பயணமான அப்போலோ 17-இல்தான் போனார். 1972 டிசம்பரில் ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில், காலடியில் கிளறப்பட்ட சாம்பல் நிறத் தூசிக்குக் கீழே ஆரஞ்சு நிற மண் இருப்பதைக் கவனித்தவர் அவர். அங்கே இருக்கக் கிடைத்த நேரமோ கொஞ்சம். சட்டென்று குழி வெட்டி, குழாய் இறக்கி மாதிரி எடுத்தார்கள். 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலை கக்கிய நுண்ணிய கண்ணாடி மணிகள் அவை! அத்தகைய மணிகளுக்குள் நீரின் தடயம் இருப்பது 2008-இல் தெரியவந்தது.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் முதல் திட்டமான ககன்யானுக்குத் தேர்வான நால்வருமே விமானப்படை விமானிகள். முதல் பயணத்துக்கு அதுவே சரி. நிலவுக்கு அது போதாது.

பாறைப் பயிற்சிக்கு நம்மிடமே இடம் உண்டு. சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளிலிருந்துதான் தயாரானது. அவை அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறைகள்; நிலவின் மேட்டுநிலங்களில் இருப்பதும் அதே வகைதான்.

அடுத்த விண்வெளி வீரர் தேர்விலேயே புவியமைப்பியலாளர்களுக்கும் இஸ்ரோ இடம் தர வேண்டும். இன்று கல்லூரியில் அதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு 2040-இல் சரியான வயது இருக்கும்.

– ஒரு வாசகர், நாமக்கல்