கடைசி ஷாட்டுக்கு முந்தைய 37 வினாடிகளை வெட்டாதீர்கள்

கூடைப்பந்து ஹைலைட்ஸ் தொகுக்கும் எடிட்டர்களுக்கும், அவற்றை ஒளிபரப்பும் விளையாட்டுச் சேனல்களுக்கும்,

வணக்கம். சிகாகோ புல்ஸ் வீரர் மைக்கேல் ஜோர்டான் 1998 NBA (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதிச் சுற்றில் போட்ட கடைசி ஷாட்டைப் பெரும்பாலும் சில வினாடிகளில் முடித்துவிடுகிறீர்கள். அவரைத் தடுக்கும் யூட்டா ஜாஸ் வீரர் பிரையன் ரஸல் சறுக்குகிறார், ஜோர்டான் எழும்புகிறார், வலை அசைகிறது, பின்னணி இசை ஏறுகிறது. பழைய ஆட்டப் பதிவுகளைப் போட்டுக்காட்டி விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு அந்தத் துண்டால் ஒரு பயனும் இல்லை. அந்த ஷாட் எப்படி வாய்த்தது என்பது அதற்கு முன்னால்தான் இருக்கிறது.

1998 ஜூன் 14, சால்ட் லேக் சிட்டி, டெல்டா சென்டர், இறுதிச் சுற்றின் 6-வது ஆட்டம். ஜான் ஸ்டாக்டனின் மூன்று புள்ளி ஷாட்டில் யூட்டா 86–83 என்று முந்தியபோது மீதி 41.9 வினாடி. சிகாகோ டைம் அவுட் எடுத்தது. அது முடிந்து பந்து உள்ளே வரும் இடத்தில் உங்கள் துண்டைத் தொடங்குங்கள். மீதி 37.1 வினாடியில் ஜோர்டானின் லே-அப் (கூடைக்கு அருகே போய்ப் பந்தை இடுவது), 86–85. 5.2-ல் அந்த ஷாட், 87–86. நடுவில் யாரும் டைம் அவுட் எடுக்கவில்லை என்பதால் ஓட்டம் அறாமல் அப்படியே போடலாம்.

நீங்கள் தவறாமல் வெட்டுவது நடுவில் இருக்கும் ஸ்டீலை, அதாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்ததை. யூட்டாவின் கார்ல் மலோன் கூடைக்கு அருகே இடப்பக்கம் பந்தை வாங்குகிறார், அவர் முதுகில் சிகாகோவின் டென்னிஸ் ராட்மன். யூட்டாவின் ஜெஃப் ஹார்னசெக் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) ஓரமாக மறுபக்கம் ஓடுகிறார். அவரைப் பிடிக்க வேண்டிய ஜோர்டான் கூடவே போகாமல் நின்று, மலோனின் பார்வை படாத பக்கத்திலிருந்து வந்து பந்தைத் தட்டிவிடுகிறார். பக்கவாட்டு அகலக் கேமராவில் இது தெளிவாகத் தெரியும். க்ளோஸ்-அப் போட்டாலோ மலோன் தானாகவே பந்தை நழுவவிட்டது போலாகிவிடும். பாவம், அவருக்கும் அது நியாயமில்லை.

பந்து கைக்கு வந்ததும் சிகாகோ பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் டைம் அவுட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யூட்டா ஆள் மாற்றித் தடுப்பை வரிசைப்படுத்தியிருக்கும். மீதி 24 வினாடிக்கும் குறைவு, ஆகவே 24 வினாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்ற ஷாட் கிளாக்கின் நெருக்கடியும் இல்லை. திரையின் ஓரத்தில் சிகாகோவின் ஸ்டீவ் கெர் நிற்கிறார். ஸ்டாக்டன் அவரை விட்டு அசைவதில்லை. காரணம் 1997 ஜூன் 13, இதே அணிகளின் முந்தைய ஆண்டு இறுதிச் சுற்று: 86–86 என்ற நிலையில் ஸ்டாக்டன் ஜோர்டானை மறிக்க ஓடிவந்தார், ஜோர்டான் கெருக்கு பாஸ் கொடுத்தார், கெர் போட்ட ஷாட்டில் சிகாகோ கோப்பையை வென்றது. செல்போனுக்காகப் படத்தை நெடுக்குவாக்கில் நறுக்கும்போது முதலில் காணாமல் போகிறவர்கள் இந்த இருவர்தான். ரஸலுக்கு ஏன் துணை ஆள் வரவில்லை என்ற கேள்விக்கான பதிலும் அவர்களோடு போய்விடுகிறது.

ரஸலின் இடுப்பில் பட்ட ஜோர்டானின் கையைப் பற்றி: முழு வேகத்தில் ஒரு தடவை காட்டிவிட்டுப் பிறகு ஸ்லோ மோஷனுக்குப் போங்கள். மெதுவாக ஓட்டினால் லேசாகப் பட்ட கைகூட நெடுநேரம் தள்ளியது போலிருக்கும். ரஸலின் எடை அதற்குள்ளேயே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது முழு வேகத்தில்தான் பிடிபடும். தள்ளினாரா இல்லையா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

ஷாட்டுக்குப் பிறகு உயர்ந்தே நிற்கும் ஜோர்டானின் அந்தக் கையைப் போஸ் என்று எழுதுகிறீர்கள். அன்று அவர் எறிந்தது 35, விழுந்தது 15. கால் சோர்ந்து ஷாட்கள் வளையத்துக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் பின்னால் சாயாமல் நேராக எழும்பி, கையை முழுவதும் நீட்டி முடித்தார். அதே ஆட்டத்தில் முன்வளையத்தில் பட்டுத் திரும்பிய ஒரு ஷாட்டை முன்னால் ஒட்டிவிடுங்கள், விளக்கவுரையே வேண்டாம். துண்டை 5.2-லும் நிறுத்தாதீர்கள், ஸ்டாக்டனின் கடைசி ஷாட் தவறிய பிறகுதான் ஆட்டம் முடிந்தது.

அடுத்தது 1997 ஜூன் 11, அதே 1997 இறுதிச் சுற்றில் ஜோர்டான் உடல்நலமில்லாமல் ஆடி, காய்ச்சல் ஆட்டம் என்று பெயர் வாங்கியது. ஸ்காட்டி பிப்பன் ஜோர்டானைத் தாங்கிக்கொண்டு வரும் காட்சியை ஆயிரம் தடவை போட்டாயிற்று. ஒரு நிமிடம்கூட மீதியில்லாதபோது ஜோர்டானின் முதல் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) விழுந்து 85–85, இரண்டாவது தவறியது. தவறிய பந்தை அவரே எடுத்தார், அதிலிருந்துதான் அந்த மூன்று புள்ளி ஷாட், 88–85. தவறிய ஃப்ரீ த்ரோவை அசிங்கம் என்று வெட்டினால் அடுத்த ஷாட் ஆகாயத்திலிருந்து குதித்தது போலாகிறது.

கடைசியாக, 1986 ஏப்ரல் 20, பாஸ்டன். ஜோர்டான் எடுத்த 63 புள்ளிகள், ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்ததில் இன்றுவரை பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) சாதனை. ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் போய் சிகாகோ 131–135 என்று தோற்றது. 63-ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள், தடையில்லை. பக்கத்திலேயே, சின்ன எழுத்தில் என்றாலும் சரி, 131–135-ஐயும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டப் பதிவுகளை வைத்துப் பயிற்சி தருவோர்