பட்டியலும் அப்பாவின் தட்டும்

சைதாப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள செந்திலுக்கு,

எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று எண் போட்டு (கிளைசீமிக் இண்டெக்ஸாம்) நீ அனுப்பிய பட்டியலை, சர்க்கரை நோய்க்காரரான அப்பா பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். தர்ப்பூசணிக்கு நேரே 76 என்று சிவப்பில் இருக்கிறதா, தெருவில் தர்ப்பூசணி வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதே பட்டியலில் ஐஸ்கிரீம் 51, பச்சை. "பையனே சொல்லிட்டான், இனிமே உனக்கென்ன பேச்சு" என்று ஒரே குஷி. போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கணக்கே உன் ஊரில் பிறந்ததுதான். 1981இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டது. 50 கிராம் கார்போஹைட்ரேட் வருகிற அளவுக்கு ஒரு உணவைச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 70ஐத் தொட்டால் அதிகம். சூட்சுமம் அந்த 50 கிராமில்தான் இருக்கிறது. தர்ப்பூசணியில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். 50 கிராம் சேர வேண்டுமானால் அரை கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அப்பா தின்பது ஒரு கீற்று. அதில் ஒன்பது கிராம் கார்போஹைட்ரேட் இருக்கலாம். தின்கிற அளவையும் சேர்த்துப் பார்க்கிற கணக்குக்குக் கிளைசீமிக் லோடு என்று பெயர்: 76ஐ 9ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 7 கூட வரவில்லை. வெள்ளைச் சோற்றுக்குப் பட்டியலில் 73தான், தர்ப்பூசணியைவிடக் குறைவு. ஆனால் ஒரு கப் சோற்றில் 45 கிராம் வந்துவிடும், கணக்குப் போட்டால் 33. இந்த லோடு கணக்கில் 10 வரை குறைவு, 20ஐத் தொட்டாலே அதிகம். அப்பா ஒரு கப்போடு எழுந்திருக்கிற ஆளா என்று உனக்குத் தெரியும்.

ஐஸ்கிரீமுக்கு எண் குறையக் காரணம் அதிலிருக்கிற கொழுப்பு. வயிறு மெதுவாகக் காலியாவதால் சர்க்கரையும் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். அவித்த உருளைக்கிழங்கு 78, எண்ணெயில் பொரித்த சிப்ஸ் 56. இதைப் பார்த்து யாராவது சிப்ஸுக்கு மாறுவார்களா? வெள்ளைச் சர்க்கரையே 65தான், வெள்ளை பிரெட் 75. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரை, அது கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்தச் சர்க்கரை பார்க்கிற மீட்டரில் அவ்வளவாகத் தெரிவதில்லை. தெரியாததால் நல்லது என்றாகிவிடாது. நீ காசு அதிகம் கொடுத்து வாங்குகிற கோதுமை பிரெட்டுக்கும் 74 போட்டிருக்கிறது, கவனித்தாயா? நைசாக மாவாகிவிட்டால் தவிடு இருந்தாலும் வயிற்றுக்குச் சீக்கிரம் வேலை முடிந்துவிடுகிறது.

கேழ்வரகிலும் இதே கதைதான். அத்தை வரும்போதெல்லாம் "அரிசியை விடு, கேவரு கூழு குடு" என்கிறாள். கேழ்வரகில் கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு, நார்ச்சத்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கார்போஹைட்ரேட். அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு பெரிய டம்ளர் குடித்தால் சட்டென்று ஏறத்தான் செய்யும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்றால் ஏறாது என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. மீட்டரைக் காட்டிவிடுவேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவுக்கு 200ஐத் தாண்டும். ஒரு இட்லியைக் குறைத்து, நம்ம ஊர் வடகறியை நான் எண்ணெய் குறைவாகச் செய்து நிறைய வைத்தால் 170 பக்கம் நிற்கிறது. அதில் இருப்பது கடலைப்பருப்பு, ஏற்றுவதில் ரொம்பச் சோம்பேறி. பருப்பு, பயறு எல்லாமே அப்படித்தான், கொண்டைக்கடலை வெறும் 28. மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் கேட்டால் தடுக்க மாட்டேன், பக்கத்துக் கடை பஜ்ஜிக்குத்தான் தடை. மத்தியானம் முதலில் கூட்டும் பொரியலும் சாப்பிட்டு முடிக்க வேண்டும், சோறு அப்புறம்தான். அதே சாப்பாடு, வரிசையை மாற்றினாலே ஏற்றம் குறைகிறது. முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். சோறும் குழையக் கூடாது, புழுங்கலரிசி உதிரியாக இருக்க வேண்டும். சாப்பிட்டதும் பேப்பரோடு உட்காராமல் மொட்டை மாடியில் கொஞ்சம் நடக்கிறார்.

நம் வீட்டு மீட்டரே நிஜத்திலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்பதால் பத்து கூடினதற்கும் குறைந்ததற்கும் நான் அலட்டிக்கொள்வதில்லை. ஒரே சாப்பாட்டை வேறு வேறு நாளில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும்.

ஒன்றை மட்டும் உன் பட்டியலைப் பார்த்து நான் பயந்து சொல்கிறேன். அப்பா சாப்பிடுகிற மாத்திரைக்குச் சில சமயம் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். அந்த நேரத்தில் "பச்சையில்தானே இருக்கிறது" என்று ஐஸ்கிரீமையோ சாக்லேட்டையோ தேடினால் ஆபத்து, அது மெதுவாக ஏறுகிற சாமான். அப்போது வேண்டியது உன் சிவப்புக் கட்டத்தில் உச்சியில் இருக்கிற குளுக்கோஸ். 15 கிராம் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். டப்பா டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. அவரிடம் நீயும் ஒரு தரம் சொல்லு. நான் சொன்னால் தொணதொணப்பு, நீ சொன்னால் டாக்டர் சொன்ன மாதிரி.

உனக்கும் நாற்பது வரப்போகிறது. அப்பாவுக்கு இருக்கிறது, தாத்தாவுக்கும் இருந்தது. எச்பிஏ1சி, அதுதான் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை, பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று? 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறாய் என்று பொருள், அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் திருப்பிவிட நிறைய வாய்ப்பு உண்டு. இந்த மாதம் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அப்பாவுக்கு அனுப்பாதே, அதையும் பிரின்ட் எடுத்து ஒட்டிவிடுவார்.

அன்புடன்,
அம்மா