கிம் வாத்தியார் தியாகி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'மை டீச்சர், மிஸ்டர் கிம்' என்ற கொரியப் படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2003-இல் வந்த படத்தை இப்போது தேடி எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அதை "மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தன்னையே அர்ப்பணித்த ஆசிரியரின் கதை" என்று சொல்லியிருப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். படத்தில் வரும் வாத்தியார் கிம் போங்து அப்படிப்பட்ட ஆள் இல்லை. இல்லாததால்தான் படம் நன்றாக இருக்கிறது.

அவர் யார்? சியோலில் தாமதமாகப் பள்ளிக்கு வருகிற, பாடத்தைவிடக் குடியில் நாட்டம் உள்ள, பெற்றோரிடம் கூச்சமில்லாமல் பணக் கவர் எதிர்பார்க்கிற மனிதர். அந்தக் கவர் விவகாரம் முற்றிப்போய்த்தான் காங்வொன் மாகாணத்து மலைக்குள் இருக்கும் ஒரு கிளைப் பள்ளிக்குத் தூக்கியடிக்கப்படுகிறார். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று நாம் சொல்வோமே, அதேதான். பள்ளியில் மொத்தம் 5 பிள்ளைகள். கவருக்கு வழியே இல்லை. ஊர்க்காரர்கள் காய்கறியும் கிம்ச்சியும் பழமும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு ஒரு சிடுசிடுப்பான கிழவர், எனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடு என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

தப்பிக்க வாத்தியார் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். 5 பேரையும் சியோல் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டால் இந்தப் பள்ளியை மூடிவிடுவார்கள், தானும் ஊர் திரும்பலாம். அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வரும் என்று தேடித்தேடிப் பார்க்கிறார், தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கிறார். இதைப் பார்த்த ஊர், எப்பேர்ப்பட்ட வாத்தியார் நமக்குக் கிடைத்திருக்கிறார் என்று உருகிப்போகிறது. இயக்குநர் ஜாங் க்யூசோங் சிரிப்பை வைத்திருப்பது இந்த இடத்தில்தான். சுயநலத்தில் செய்தாலும், ஒரு பிள்ளையை உட்கார்ந்து கவனித்தால் அந்தப் பிள்ளைக்குப் பலன் கிடைத்துவிடுகிறது. 60 பேர் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனின் பெயரே டிசம்பர் மாதம்தான் மனதில் நிற்கும். 5 பேரில் யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது, வாத்தியாரும் சேர்த்துத்தான். அவருடைய மாற்றம் எனக்கு நம்பும்படி இருந்ததற்குக் காரணம் இதுதான். பிள்ளைகளின் வெள்ளை மனசு அவரைத் திருத்திவிட்டது என்று கட்டுரை சொல்வது சினிமா விளம்பரத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அந்தக் கவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது இன்னொரு குறை. அது திரைக்கதைக்காகக் கற்பனை செய்த சமாசாரம் அல்ல. என் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பாசிரியர் கையில் பணம் வைப்பது தென்கொரியாவில் பல காலம் ஊரறிந்த வழக்கம். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கிம் யோங்ரான் முன்வைத்த ஊழல் தடுப்புச் சட்டம் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, தனியார் பள்ளி ஆசிரியர்கள் உட்பட அத்தனை ஆசிரியர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு 13 வருஷம் முன்பே இந்தப் படம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் தியேட்டரில் பார்த்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் கவர் கொடுத்த பெற்றோர் எத்தனை பேரோ!

அப்புறம், முக்கியமான விஷயம். "நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும், கிராமப் பள்ளி பிழைத்துக்கொள்ளும்" என்று கட்டுரை முடிகிறது. படத்தில் பள்ளி பிழைக்கவில்லை. வாத்தியார் மனம் மாறிய பிறகும் மூடித்தான் போகிறது. 1982 முதல் தென்கொரிய அரசு சிறிய பள்ளிகளை இணைத்தும் மூடியும் வந்திருக்கிறது. இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் போய்விட்டன. முதலில் பக்கத்துப் பெரிய பள்ளிக்குக் கிளையாக்குவார்கள், பிறகு பூட்டுவார்கள். படம் எடுத்த இடமே அப்படி மூடப்பட்ட ஒன்று. ஜோங்சொன் வட்டாரத்தில், தோங்காங் ஆற்றங்கரையில் இருக்கும் யோன்போ கிளைப் பள்ளி. 1999-இல் அது மூடப்பட்டது. அந்த ஆற்றில் பெரிய அணை கட்டும் திட்டம் ஒன்று இருந்து, கடும் எதிர்ப்பால் 2000-இல் கைவிடப்பட்டது. ஆறு தப்பித்தது. பள்ளி அதற்கு முந்தைய வருஷமே பூட்டப்பட்டுவிட்டது. பெற்றோர் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்ட ஊரில் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன? மூடுவதற்கான பழியைக் கடைசியில் வாத்தியார் தலையில் கட்டுவதற்கு "அர்ப்பணிப்பு" என்ற பேச்சு ரொம்ப வசதி.

படத்திலும் குறை உண்டு. கடைசி அரைமணி நேரம் அழவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். முதல் பாதியின் குறும்பு அங்கே காணாமல் போகிறது. வாத்தியாராக வரும் சா சுங்வொன் அதையும் தாங்கி நடித்திருக்கிறார், சரி.

எழுத்துப் படிக்க வரும் கிழவராக நடித்த ப்யொன் ஹீபோங்கின் பெயரைக் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை. 'தி ஹோஸ்ட்' படத்தில் தாத்தாவாக வருபவர் அவர்தான். 2023-இல் காலமானார்.

இந்த வரிசையில் இன்னும் இரண்டு படங்களைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். ஒன்று, 1999-இல் வந்த 'தி ஹார்மோனியம் இன் மை மெமரி'. 1960-களின் காங்வொன் கிராமம், வயது தாண்டித் தொடக்கப் பள்ளியில் படிக்கும் 17 வயதுப் பெண், புதிதாக வந்த இளம் ஆசிரியர். அவள் நோட்டில் எழுதும் நாட்குறிப்பை அவர் படித்துத் திருத்த வேண்டும். 'ஸ்க்விட் கேம்' முகமூடிக்காரராக நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த லீ ப்யுங்ஹுன்தான் அந்த ஆசிரியர். மற்றொன்று, 2004-இன் 'ஸ்பிரிங்டைம்'. நிலக்கரிச் சுரங்க ஊரான தோக்யேயில், பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் டிரம்பெட் கலைஞராகச் சோய் மின்சிக் நடித்திருக்கிறார். மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்.

எழுதும்போது, எந்தத் தளத்தில் பார்க்கலாம், சப்டைட்டில் உண்டா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சென்ற இதழில் அது இல்லாமல் என் தோழிகள் இருவர் என்னைத்தான் போனில் கேட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேனி.